வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள்: புதிதாகப் போட்டோ எடுப்பவர்களுக்கு, ஜன்னல் முதல் போட்டி வரை

புதிதாகப் போட்டோ எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்த கேமரா வாங்கலாம்?” அடுத்தது, “எங்கே போனால் நல்ல படம் கிடைக்கும்?” இரண்டுக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு எதையும் வாங்க வேண்டாம். எங்கும் போகவும் வேண்டாம். கையில் இருக்கும் போனும் குடியிருக்கும் வீடும் போதும்.

சிக்கனத்துக்காக இதைச் சொல்லவில்லை. சுற்றுலா போன இடத்தில் ஒரு நல்ல வெளிச்சம் கிடைத்து, அதைத் தவறவிட்டால் போயிற்று. வீட்டில் அப்படி இல்லை. காலை எட்டேகாலுக்கு அடுப்படி ஜன்னல் வழியாக வந்து மேடையில் விழுகிற வெயில் நாளைக்கும் அதே நேரத்துக்கு வரும். இன்று படம் வெளுத்துப்போனதா, நாளை வெளிச்சத்தைக் குறைத்து எடுக்கலாம். பின்னால் குக்கர் எட்டிப் பார்த்ததா, நாளை அதை நகர்த்தி வைக்கலாம். ஒரே படத்தைத் திருத்தித் திருத்தி எடுக்கிற இந்த வசதி, லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவருக்கும் வெளியில் கிடைக்காது.

போட்டோகிராபியே வீட்டில் பிறந்ததுதான். கேமராவால் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படம், 1826-27 வாக்கில் பிரான்சில் நியெப்ஸ் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ் 1835இல் இங்கிலாந்தில் டால்பட் எடுத்தது. அதில் இருப்பதும் அவர் வீட்டு ஜன்னல்தான். ஜூலியா மார்கரெட் கேமரூன் என்ற பெண்மணிக்கு 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அவர் கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார், கோழிக்கூட்டை ஸ்டூடியோ ஆக்கினார், வீட்டுப் பணிப்பெண்களையே உட்காரவைத்துப் படமெடுத்தார். உருவப்படக் கலையின் வரலாற்றை அவரை விட்டுவிட்டு யாரும் எழுத முடியாது. கடைசிக் காலத்தில் இலங்கையில் குடியேறி, 1879இல் அங்கேயே காலமானார்.

முதல் வேலை: வெளிச்சத்தைப் பின்தொடர்வது

ஒரு விடுமுறை நாளில், போனைத் தொடாமல், காலையிலிருந்து மாலை வரை வீட்டில் எந்த மூலையில் எப்போது வெளிச்சம் விழுகிறது என்று கவனித்துக் குறித்து வையுங்கள். கிழக்கு ஜன்னலில் எத்தனை மணி வரை நேர் வெயில்? எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எந்த அறைக்குள் வருகிறது? மாடிப்படி வளைவில், கொடியில் காயும் துணிக்குப் பின்னால், குளியலறை வெண்டிலேட்டருக்குக் கீழே என்று நினைத்தே பார்க்காத இடங்கள் அகப்படும்.

மேல்நாட்டுக் கையேடுகளில் ஒரு அறிவுரை அடிக்கடி வரும்: வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர் வெயில் விழாது, ஆகவே நாள் முழுக்க மென்மையான வெளிச்சம். லண்டனுக்கு அது சரி. சென்னைக்கு ஏப்ரல் கடைசியில் ஒரு நாளும் ஆகஸ்ட் நடுவில் ஒரு நாளும் நிழலில்லா நாள் வருகிறது, அதாவது நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாள். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்ந்த வெயில் எட்டிப் பார்க்கும். அந்த மாதங்களில் நமக்கு நிம்மதியான வெளிச்சம் தெற்கு ஜன்னலில். டிசம்பரில் இது தலைகீழாகிவிடும்.

அடுத்தது முட்டைப் பயிற்சி. ஒரு வெள்ளை முட்டையை ஜன்னலோரம் வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு படம், ஜன்னல் பக்கவாட்டில் இருக்க ஒரு படம், ஜன்னலைப் பார்த்து நின்று ஒரு படம். முதல் படத்தில் முட்டை தட்டையான வட்டமாக இருக்கும். இரண்டாவதில் உருண்டை தெரியும். மூன்றாவதில் ஓரத்தில் ஒரு ஒளிக்கோடு மட்டும். முகம், பழம், பாத்திரம் எதை எடுத்தாலும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் நடந்துகொண்டிருக்கும்.

வெயில் கடுமையாக இருந்தால் ஜன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டுங்கள். நிழலின் ஓரம் மங்கி மென்மையாகும். நிழல் பக்கம் ரொம்ப இருண்டால், டிவி வாங்கும்போது பெட்டிக்குள் வந்த தெர்மாகோலை எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள். இருள் போதாதென்றால் அதே இடத்தில் கறுப்புச் சார்ட் பேப்பர். ஜன்னலுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதும் முக்கியம். சிறிய விளக்கு என்றால் இன்னும் முக்கியம், தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும்.

ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் அடிக்கும். எல்இடி விளக்கில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், படத்தில் குறுக்கே வரிவரியாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் வரி மறையும்.

போனில் சரிசெய்ய வேண்டியவை

லென்ஸைப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். “என் போனில் படம் மங்கலாக வருகிறது” என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுவே மருந்து. பிறகு செட்டிங்ஸில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள், அழகூட்டும் ஃபில்டரை அணையுங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பெரும்பாலான வீட்டுப் படங்களுக்குக் கொஞ்சம் குறைத்து எடுப்பது நல்லது. இருட்டை எடிட்டில் ஓரளவு மீட்கலாம், வெளுத்துப்போன வெண்மையை மீட்க முடியாது.

திரையை விரித்து ஜூம் செய்யாதீர்கள். ஒரு அடி முன்னால் போங்கள். போனை நிறுத்தச் சிறிய ட்ரைபாட் இருந்தால் நல்லது, இல்லையென்றால் அரிசி நிரப்பிய சின்னப் பை போதும். 2 வினாடி டைமர் வைத்துவிட்டால் தொடும்போது ஏற்படும் அதிர்வு போய்விடும். போனில் ‘ப்ரோ’ முறை இருந்தால் அதைத் திறந்து ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) மாற்றிப் பழகுங்கள். கீழே வரும் சில பயிற்சிகளுக்கு அது தேவைப்படும்.

பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் அதை எழுப்புங்கள். பத்து வருடப் பழைய கேமரா என்று தயங்க வேண்டாம். காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர்பெற்ற மா. கிருஷ்ணன், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒன்றாகக் கோத்துத் தானே செய்துகொண்ட கருவியைக் கொண்டு யானைகளை எடுத்தவர். அதற்கு ‘சூப்பர் பொண்டரோசா’ என்று கேலியாக ஒரு பெயரும் வைத்திருந்தார்.

பின்னணி

நல்ல வீட்டுப் படங்கள் பலவற்றைக் கெடுப்பது காலண்டர், சுவிட்ச்போர்டு, பிளாஸ்டிக் குடம். சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் மேசைமேல் வளைத்து இறக்கினால் மூலைக்கோடே தெரியாத பின்னணி ரெடி. முழுக்கறுப்பு வேண்டுமென்றால் கறுப்புத் துணியைப் பொருளுக்கு மூன்று நான்கு அடி பின்னால் தொங்கவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பொருளில் படட்டும், துணியில் படக்கூடாது. பட்டுப்புடவை, கோரைப்பாய், துருப்பிடித்த தகரம், கருங்கல் அம்மி எல்லாமே பின்னணிதான்.

அடுப்படியில் தொடங்குவோம்

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், நீங்களும் செலவழியுங்கள்.

எண்ணெயும் தண்ணீரும்: பார்ப்பவர்கள் “இது எந்தக் கிரகம்?” என்று கேட்கிற படம் இது. கண்ணாடிப் பேக்கிங் தட்டு ஒன்றை இரண்டு புத்தக அடுக்குகளின்மேல், ஒரு அடி உயரத்தில் பாலம்போல் வையுங்கள். அடியில் பல நிறம் கொண்ட துணியோ பரிசுப்பொருள் சுற்றும் காகிதமோ விரியுங்கள். அதன்மேல் மட்டும் ஒரு மேசைவிளக்கின் வெளிச்சம் விழட்டும். தட்டில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, ரீஃபைண்ட் எண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு, கரண்டிக் காம்பால் லேசாகக் கலக்குங்கள். முதலில் வரும் காற்றுக்குமிழிகள் அடங்கட்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டால் எண்ணெய் வட்டங்கள் உடைந்து சின்னதும் பெரியதுமாகப் பிரியும். ஒவ்வொரு எண்ணெய் வட்டமும் ஒரு குட்டி லென்ஸாக மாறி அடியில் உள்ள நிறத்தை வளைத்துக் காட்டும். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம்.

மேலிருந்து நேர்கீழாக எடுங்கள். போன் தண்ணீர்ப் பரப்புக்கு இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். துணியில் ஃபோகஸ் விழாமல் எண்ணெய் வட்டத்தின் விளிம்பில் விழ வேண்டும். வட்டங்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஷட்டர் 1/200 வினாடியைவிட வேகமாக இருக்கட்டும். நல்லெண்ணெய் மஞ்சள் சாயல் தரும். அது வேண்டுமென்றே எடுத்தாலும் அழகுதான். தேங்காயெண்ணெயை ஏசி அறையில் முயற்சி செய்யாதீர்கள், உறைந்துவிடும். படப்பிடிப்பு முடிந்ததும் தட்டை நீங்களே கழுவி வைத்துவிட்டால் அடுத்த வாரமும் அடுப்படிக்குள் அனுமதி கிடைக்கும்.

ஆவி: இட்லிப் பானை திறக்கும்போது எழும் ஆவியைப் படமெடுத்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஆவிக்குப் பின்பக்கமிருந்து வெளிச்சம் வரவேண்டும், அதற்குப் பின்னால் இருட்டு இருக்கவேண்டும். ஜன்னலுக்கும் உங்களுக்கும் நடுவே பானையை வைத்து, ஜன்னலின் வெளிச்சமான பகுதி படத்துக்குள் வராதபடி சற்று விலகி நில்லுங்கள். மின்விசிறியையும் எக்ஸாஸ்ட்டையும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ஊதுவத்திப் புகைக்கும் இதே முறைதான். பக்கவாட்டில் ஒரு டார்ச், பின்னால் கறுப்புத் துணி.

காபி ஆற்றுவது: டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவே ஒரு முழம் நீளும் காபியை 1/1000 வினாடியில் எடுத்தால் முறுக்கிய கயிறாக, தெறித்த துளிகளோடு நிற்கும். அதற்கு நேர் வெயில் வேண்டும், ஆகவே பால்கனிக்குப் போங்கள். 1/15இல் எடுத்தால் வழவழப்பான நாடா. இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; ஷட்டர் வேகம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

அரிந்த துண்டுகள்: எலுமிச்சை, வெள்ளரி, வாழைத்தண்டு, வெண்டைக்காய் இவற்றைத் தாள் கனத்துக்கு வட்டமாக அரிந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்து, ஒளி பின்னாலிருந்து வர எடுங்கள். வாழைத்தண்டின் நூல்கூட விளங்கும்.

நிழல்: மாலை வெயில் சாய்வாக வரும்போது ஜன்னல் கம்பி, இடியாப்பத் தட்டு, சல்லடை, முறம் எல்லாம் சுவரில் படம் போடும். பொருளை விட்டுவிட்டு நிழலை மட்டும் எடுங்கள். யாராவது முகத்தைக் கொடுத்தால் சல்லடை நிழலை முகத்தில் விழவிட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளைக்கு இதைவிட நல்ல பொருள் வீட்டில் கிடையாது.

இருட்டில் இரண்டு விளையாட்டு

ஒன்று, ஒளியால் வரைவது. இரவில் அறையின் விளக்குகளை அணைத்து, போனை அசையாமல் நிறுத்தி, ப்ரோ முறையில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 15 வினாடி. ஷட்டர் திறந்திருக்கும்போது ஒருவர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு சிறிய டார்ச்சால் காற்றில் வரையட்டும். அவர் நகர்ந்துகொண்டே இருந்தால் படத்தில் விழமாட்டார், கோடு மட்டும் விழும். கோலத்தின் நடுவே அகல்விளக்கு வைத்து, மற்ற பகுதிகளை டார்ச்சால் ஒரு வினாடி தடவிவிட்டால் கோலமும் சுடரும் ஒரே படத்தில் சரியான வெளிச்சத்தில் வரும். இரும்புக் கம்பிநாரைப் பற்றவைத்துச் சுழற்றும் படங்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது தீப்பொறி, வீட்டுக்கும் மொட்டைமாடிக்கும் ஆகாது.

இரண்டாவது, அறையையே கேமரா ஆக்குவது. தெருவைப் பார்த்த ஜன்னலும் அதற்கு எதிரே வெள்ளைச் சுவரும் உள்ள அறை வேண்டும். கறுப்புத் தாளால் ஜன்னலைக் கசிவில்லாமல் மூடி, நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவு ஒரு துளை. வெளியில் நல்ல வெயில் இருக்கும்போது உள்ளே பத்து நிமிடம் உட்காருங்கள். கண் பழகியதும் எதிர்ச்சுவரில் தெரு தலைகீழாகத் தெரியும். ஆட்டோ கூரையில் ஓடும், வானம் தரையில் கிடக்கும். ட்ரைபாடில் 20 அல்லது 30 வினாடி வைத்து அதைப் படமெடுக்கலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் செய்யவேண்டியது.

வீட்டு மனிதர்கள்

“இங்கே பார், சிரி” என்றால் எல்லோருக்கும் ஒரே முகம்தான் வரும். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். பூத்தொடுக்கிற கை, கீரை ஆய்கிற கை, ஊசியில் நூல் கோக்கிற பாட்டியின் சுருங்கிய கண். அவரை ஜன்னலோரம் உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் பேச்சுக் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் போனை மறந்துவிடுவார். போட்டிக்கு அனுப்பப்போவதாக இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள், சொந்த அத்தையாக இருந்தாலும். பிள்ளைகள் படத்தில் இன்னும் கவனம்: வளர்ந்தபின் அவர்கள் கூச்சப்படுகிற மாதிரிப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆல்பத்தோடு நிற்கட்டும்.

ஒரு பொருளை எவ்வளவு காலம் தொடரலாம் என்று கேட்பவர்களுக்கு ப்ராக் நகரத்து போட்டோகிராபர் யோசப் சூதெக்கைச் சொல்வேன். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940இல், நகரம் நாஜிகளின் பிடியில் இருந்தபோது, தன் ஸ்டூடியோவின் ஜன்னலை எடுக்கத் தொடங்கினார். பனி படிந்த கண்ணாடி, விளிம்பில் ஒரு குவளை, வெளியே ஒரு வளைந்த மரம். 1954 வரை அதே ஜன்னல். அவ்வளவு பொறுமை நமக்கு வேண்டாம். ஒரு மாதம் ஒரே மூலை, ஒரே பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரத்தில் சலிப்புத் தட்டும். உண்மையான யோசனைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கும்.

பொறுக்கி எடுப்பது

எடுப்பதில் பாதி நேரத்தைப் பொறுக்குவதற்கு ஒதுக்குங்கள். புதியவர்கள் செய்யத் தவறுவது இதைத்தான். எடுத்த அன்றே எல்லாம் அருமையாகத் தெரியும். ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி இருக்கும் பத்தில் ஒன்றை மட்டும் வையுங்கள். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் கண்ணை இழுத்தால் கட்டமைப்பு உறுதியாக இருக்கிறது என்று அர்த்தம். தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று புரியும். நான்கு ஓரங்களிலும் கண்ணை ஓட்டுங்கள். பாதி வெட்டுப்பட்ட ஸ்பூன், வெள்ளையாகப் பளிச்சிடும் மூலை இவை நடுவில் உள்ளதைவிடச் சத்தமாகப் பேசும்.

எடிட்டுக்கு ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலியே போதும். நேராக்குவது, க்ராப், வெளிச்சம், கொஞ்சம் கான்ட்ராஸ்ட். நிறத்தை ஏற்றும் கோட்டை நீங்கள் நினைத்த இடத்தில் பாதியில் நிறுத்துங்கள். அசல் கோப்பின்மேல் சேமிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இப்போது போட்டி

பதினைந்து இருபது படங்கள் இப்படித் தேறியபின் போட்டியைப் பற்றி யோசிக்கலாம். போட்டியால் எனக்குத் தெரிந்த பெரிய நன்மை, ஒரு கடைசித் தேதி இருப்பதும், உங்களை அறியாத ஒருவர் உங்கள் படத்தைப் பார்ப்பதும். வீட்டார் பாராட்டுவார்கள், நண்பர்கள் லைக் போடுவார்கள். அந்தப் படத்தில் எது சரியில்லை என்று சொல்ல அன்னியர்தான் வேண்டும்.

முதல் போட்டியாக உள்ளூர் கேமரா கிளப்பின் மாதாந்திரப் போட்டியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே நடுவர் உங்கள் முன்னாலேயே ஒவ்வொரு படத்தையும் பற்றிப் பேசுவார். சென்னையில் இதற்கு நீண்ட மரபு உண்டு. 1850களிலேயே இங்கே போட்டோகிராபிச் சங்கம் உருவாகிவிட்டது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரையையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் பெரிய காகித நெகட்டிவ்களில் எடுத்தது 1858இல். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பாகக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று போனைச் சுழற்றிப் பனோரமா எடுக்கும்போது அவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். ‘போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ்’ இன்றும் இயங்குகிறது. மற்ற ஊர்களிலும் கிளப்புகள் இருக்கின்றன.

அடுத்த படி சலூன் எனப்படும் கண்காட்சிப் போட்டிகள். இவற்றில் பெரும்பாலானவை ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு, பிஎஸ்ஏ எனப்படும் அமெரிக்கச் சங்கம், ஃபெடரேஷன் ஆஃப் இந்தியன் போட்டோகிராபி போன்ற அமைப்புகளின் அங்கீகாரத்தோடு நடக்கும். நிறம், கறுப்பு வெள்ளை, இயற்கை, பயணம் என்று பிரிவுகள். வழக்கமாகப் பிரிவுக்கு நான்கு படம், பிரிவுக்கு ஒரு கட்டணம். பொதுவாக மூன்று நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். கூட்டுத்தொகை ஒரு எல்லையைத் தாண்டினால் உங்கள் படம் ‘அக்செப்டன்ஸ்’ பெறும். அதற்குமேல் ரிப்பன், பதக்கம். பல நாட்டுச் சலூன்களில் அக்செப்டன்ஸ் சேர்த்தால் ஏஃபியாப், ஈஃபியாப் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பட்டங்கள் உண்டு. பட்டத்துக்காக மாதம் பத்து சலூனுக்குப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு பொழுதுபோக்கு. முதல் வருடத்துக்கு நான்கைந்து போட்டி தாராளம்.

ஒவ்வொரு படத்துக்கும் நடுவர் தருவது சில வினாடிகள்தான். எனவே போட்டிப் படத்தில் கண் முதலில் எங்கே போகவேண்டும் என்பது குழப்பமில்லாமல் இருக்கவேண்டும். மெதுவாக ரசிக்கவேண்டிய படங்களும் நல்ல படங்கள்தான், ஆனால் அவை சலூனில் தோற்கும். அதற்காக அவற்றை எடுப்பதை விட்டுவிடாதீர்கள்.

எந்தப் பிரிவுக்கு எந்தப் படம்

எண்ணெய் வட்டங்கள், காபி, ஒளிக்கோடு ஆகியவை நிறத்துக்கான பொதுப் பிரிவுக்கு. சல்லடை நிழல் கறுப்பு வெள்ளைக்கு. படங்களை ஒட்டிக் கலந்து செய்தவை ‘கிரியேட்டிவ்’ அல்லது ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்ற பிரிவு இருந்தால் அங்கே. இயற்கைப் பிரிவுக்கு வீட்டுப் படங்களை அனுப்பும்முன் விதியை இரண்டு முறை படியுங்கள். மனிதன் உண்டாக்கிய பொருள்கள் பொதுவாகத் தெரியக்கூடாது, க்ராப் தவிர எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று கண்டிப்பு உண்டு. டிஸ்டெம்பர் சுவரில் பல்லி அங்கே நிற்பது கடினம். பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து அசையாமல் ஆக்கி எடுப்பது மோசமான பழக்கம். கூட்டில் இருக்கும் பறவைகளின் படங்களை இந்தியாவில் பல போட்டிகள் ஏற்பதில்லை. காரணம் பறவைகளுக்கு ஏற்படும் தொந்தரவு.

விதியை மீறினால் எவ்வளவு பெரிய பரிசும் நிலைக்காது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் போட்டியில் 2017இல் வென்ற எறும்புத்தின்னிப் படம் ஒன்றில் இருந்தது பாடம் செய்த பொம்மை என்று நிபுணர்கள் முடிவு செய்ததால், 2018இல் பரிசு பறிக்கப்பட்டது. 2023இல் சோனி உலக போட்டோகிராபி விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், படம் ஏஐயால் உருவானது என்று சொல்லித் தானே விருதை மறுத்தார். அதன்பின் விதிமுறைகள் பல இடங்களில் இறுகியிருக்கின்றன. உங்கள் போனில் ஒரு தொடுதலில் பின்னால் நிற்பவரை அழிக்கும் வசதி இருக்கிறதே, பல போட்டிகளில் அதுவே படத்தை வெளியேற்றப் போதும். அசல் கோப்பைக் கேட்பார்கள். கேட்டால் கொடுக்க வேண்டும். அதனால்தான் அசலை அழிக்காதீர்கள் என்றேன்.

இன்னொரு விதியையும் தேடிப் படியுங்கள்: படத்தின் உரிமை. இந்தியச் சட்டப்படி படமெடுத்தவரே அதன் ஆசிரியர். அவர் வாழ்நாளும் அதற்குப்பின் 60 ஆண்டும் காப்புரிமை நீடிக்கும். கண்காட்சியிலும் மலரிலும் வெளியிட அனுமதி கேட்பது நியாயம். “அனுப்பப்படும் எல்லாப் படங்களும் எங்களுக்கே சொந்தம், விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்” என்று எழுதியிருந்தால் அது இலவசமாகப் படம் திரட்டும் வேலை. பரிசு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

அனுப்பும் வேலை

ஒவ்வொரு போட்டியும் அளவைச் சொல்லியிருக்கும். திரையில் காட்டும் சலூன்களில் அகலம் 1920, உயரம் 1080 பிக்ஸல் என்ற எல்லை பரவலாக உண்டு. நெட்டையான படம் 1080 உயரத்துக்குள் சுருங்கிச் சின்னதாகத் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். எஸ்ஆர்ஜிபி நிறவெளி (திரைகளுக்கான பொதுவான நிற முறை), ஜேபெக் கோப்பு, சொல்லப்பட்ட எம்பிக்குள். படத்தின்மேல் உங்கள் பெயரோ கையெழுத்தோ இருந்தால் வெளியே.

தலைப்பு சுருக்கமாக இருக்கட்டும். ‘அன்னையின் அன்பு’, ‘வாழ்க்கைப் போராட்டம்’ போன்றவற்றை நடுவர்கள் சலிக்கச் சலிக்கக் கேட்டிருப்பார்கள். ‘மாலைச் சல்லடை’ என்றால் போதும். ஒரு போட்டியில் ஏற்கப்பட்ட படத்தை அடுத்த போட்டிக்கு வேறு தலைப்பில் அனுப்பக்கூடாது என்பது அங்கீகாரம் பெற்ற சலூன்களில் விதி. ஆகவே ஒரு நோட்டில் படம், தலைப்பு, போட்டி, தேதி, மதிப்பெண் என்று கட்டம் போட்டு எழுதி வாருங்கள். கடைசி நாள் இரவு வலைத்தளம் திணறும். இரண்டு நாள் முன்னதாக ஏற்றிவிடுங்கள்.

ஒரே மாதிரி நான்கு படத்தை ஒரே பிரிவில் போடாதீர்கள். மூன்றாவது எண்ணெய் வட்டம் வரும்போது நடுவர்களின் கை தானாகக் குறைந்த மதிப்பெண்ணுக்குப் போகும்.

ரிசல்ட் வந்தபின்

ஓரிரண்டு மதிப்பெண்ணில் தவறிய படத்தை மாற்றாமல் இன்னொரு போட்டிக்கு அனுப்பிப் பாருங்கள். ஒரு நடுவர் குழு தள்ளிய படத்துக்கு இன்னொன்று பதக்கம் தருவது சாதாரணமாக நடக்கும். மூன்று இடத்தில் அடிமட்ட மதிப்பெண் வந்தால் மட்டும், நோட்டைத் திறந்து ஏன் என்று யோசியுங்கள். ஏற்கப்பட்ட படங்களின் கேட்டலாக்கை இலவசமாகப் பார்க்கலாம். பரிசுப் படங்களை மேலோட்டமாகப் புரட்டாமல், உங்களைப் போலவே அடுப்படியில் எடுத்த ஒரு படத்தைப் பிடித்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, பின்னணி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்க முயலுங்கள். மறுநாள் அதே வெளிச்சத்தை உங்கள் வீட்டில் உண்டாக்கிப் பார்க்கலாம்.

பரிசு வந்தாலும் வராவிட்டாலும் வருடத்துக்கு இரண்டு மூன்று படங்களையாவது பிரிண்ட் போடுங்கள். 12 மெகாபிக்ஸல் போன் படம் 12க்கு 18 அங்குலத்துக்குத் தாராளமாகத் தாங்கும். ட்யூப்லைட் பளபளப்பு அடிக்காமலிருக்க மேட் தாள் கேளுங்கள். சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழை ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை உரிந்து வரும். நேர் வெயில் விழும் சுவர் ஆகாது. எந்தச் சுவர் என்பதை நீங்கள் முதல் நாளே குறித்து வைத்திருப்பீர்கள்.